ஊறிய சப்ஜாவும் கண்ணுக்குள் லென்ஸும்

ஒரு ஸ்பூன் சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு கறுப்பு விதையைச் சுற்றியும் கண்ணாடி போல ஒரு வழவழப்பு! விரலில் எடுத்தால் வழுக்கும். ஆனால், தண்ணீர் தனியாகச் சொட்டாது. ஃபலூடாவில் ருசித்துச் சாப்பிடும் இந்த வழவழப்புக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயர், ஹைட்ரோஜெல்.

பாலிமர் என்பது நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறு. தண்ணீரை விரும்பும் சங்கிலிகளை அங்கங்கே முடிச்சுப் போட்டால் ஒரு வலை கிடைக்கும். தண்ணீர் உள்ளே புகுந்ததும் வலை உப்பும். முடிச்சுகள் பிடித்துக்கொள்வதால் கரைந்து போகாது. இவ்வளவுதான் ஹைட்ரோஜெல்லின் ரகசியம்.

விளையாட்டுச் சாமானில் பிறந்த லென்ஸ்

இந்த ஜெல்லை மனித உடலுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர்களில் முன்னோடி, செக்கோஸ்லோவாகியாவின் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. அதுவரை கான்டாக்ட் லென்ஸ் என்றால் கண்ணாடி அல்லது கெட்டியான பிளாஸ்டிக்தான். கண்ணை உறுத்தும். கருவிழிக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. கெட்டி பிளாஸ்டிக் அதற்குத் தடையாக இருந்தது.

1950-களில் விக்டர்லேவும் அவருடைய சக விஞ்ஞானி திரகோஸ்லாவ் லிம்மும் உருவாக்கிய ஜெல்லில் ஏறக்குறைய 38 சதவிகிதம் தண்ணீர். மிருதுவானது, அதிலிருந்த தண்ணீர் வழியாக ஆக்சிஜனும் போனது. ஆனால், அச்சில் வார்த்து எடுக்கும்போது ஓரங்கள் கிழிந்துகொண்டே இருந்தன. அரசும் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டது.

விக்டர்லே விடவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயம், பிராக் நகரிலிருந்த தன் வீட்டில், மகன்களின் மெக்கானிக் செட் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சின்ன இயந்திரம் செய்தார். சுழலும் குட்டிக் கிண்ணத்தில் ஜெல் திரவத்தை விட்டால், சுற்றுகிற வேகத்திலேயே அது வளைந்து லென்ஸாகப் படிந்தது. ஓரமும் கிழியவில்லை. அன்று கிடைத்தவை நான்கு லென்ஸ்கள். 1971-ல் அமெரிக்கா இந்த மிருதுவான லென்ஸுக்கு அனுமதி கொடுத்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கண்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. காப்புரிமையை அரசு விற்றுவிட்டதால், கண்டுபிடித்தவர் கைக்கு வந்தது சொற்பப் பணம்தான்.

டயப்பர் முதல் வயல் வரை

இன்று ஹைட்ரோஜெல் இல்லாத இடமே இல்லை. குழந்தையின் டயப்பருக்குள் இருக்கும் வெள்ளைத் தூள், சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப்போலச் சில நூறு மடங்கு குடிக்கும். தீக்காயத்துக்குப் போடும் ஜெல் கட்டு, புண்ணைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும்; பிரிக்கும்போது சதையோடு ஒட்டிக்கொண்டு வலிக்காது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ‘பூசா ஹைட்ரோஜெல்’லை உருவாக்கியிருக்கிறது. மண்ணில் கலந்தால், பாய்ச்சிய தண்ணீரைப் பிடித்துவைத்து, காயக் காய வேருக்கு விட்டுக்கொடுக்கும்.

அடுத்த கட்டம், சூழ்நிலையைப் பார்த்து நடந்துகொள்ளும் ஜெல். சில ஜெல்கள் ஏறக்குறைய 32 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் சுருங்கித் தண்ணீரை வெளியே விட்டுவிடும். இந்தக் குணத்தை வைத்து, உடலுக்குள் சரியான இடத்தில் மருந்தை விடும் ஜெல்கள், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினை விடும் ஜெல்கள் என்று ஆய்வுகள் நடக்கின்றன.

அதே குணம்தான் ஆபத்தும்

கலர் கலராக விற்கும் ‘வாட்டர் பீட்ஸ்’ பார்த்திருப்பீர்கள். பூச்செடிக்கும், வீட்டு அலங்காரத்துக்கும், குழந்தைகள் விளையாடவும் வாங்குகிறார்கள். அதுவும் ஹைட்ரோஜெல்தான். காய்ந்திருக்கும்போது கடுகு போல இருக்கும், ஊறினால் கோலிக்குண்டு. பார்க்க மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். உள்ளே போன மணி குடலில் ஊறிப் பெரிதாகி வழியை அடைத்துவிடும். வெளிநாடுகளில் அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் எக்ஸ்-ரேயில் இது தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல்.

கைக்குழந்தையும் தவழும் குழந்தையும் உள்ள வீட்டில் இந்த மணிகளே வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தியும் வயிற்றுவலியும் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ‘வாட்டர் பீட்ஸ்’ என்று பெயரைச் சொல்லுங்கள், பாக்கெட்டையும் கொண்டுபோங்கள். காதுக்குள் போயிருந்தால் தண்ணீரோ சொட்டு மருந்தோ விடவே கூடாது. அங்கேயே ஊறி உப்பிவிடும்.

சப்ஜாவை நன்றாக ஊறிய பிறகுதான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் இதே அறிவியல்தான் இருக்கிறது. ஊற வேண்டியது டம்ளரில் ஊறட்டும். தொண்டையிலும் வயிற்றிலும் வேண்டாம்.