கூடைப்பந்துக் காரணங்கள்

ஒருவர் கொடுக்கிறார், மற்றொருவர் வாங்குகிறார். மூன்றாமவர் குறுக்கே புகுந்து ‘இப்பேரம் நியாயமன்று’ என்கிறார். அந்த மூன்றாமவர் யார், பேரம் முறிந்தால் அவருக்கென்ன ஆதாயம் என்று கேளாமல் பேரத்தை மட்டும் எடைபோடுவது வீண் என்பதே நம் கட்சி.

அமெரிக்காவில் ஃபேண்டஸி கூடைப்பந்து என்றோர் ஆட்டம் உண்டு. பந்தைத் தொடாமலே ஆடுவது. பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, என்.பி.ஏ. ஆட்டக்காரர்களைத் தமக்குள் பங்கிட்டுக் காகித அணிகள் அமைத்துக்கொள்வர். மெய்யான ஆட்டத்தில் அவ்வீரர்கள் எடுக்கும் புள்ளிகளும் பிடிக்கும் ரீபவுண்டுகளும் காகித அணியின் கணக்கில் ஏறும். பருவத்தின் நடுவே இருவர் தம் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்று உடனே செல்லாது. ஏனையோர் மறுப்பதற்கு ஓரிரு நாள் தவணை உண்டு. பல குழுக்களில் மூன்றிலொரு பங்கினர் மறுத்தாலே பேரம் முறியும். வேறு சிலவற்றில் கமிஷனர் எனப்படும் ஒருவர் கையில் வீட்டோ இருக்கும்.

வீட்டோ வந்தது கூட்டுச்சதியைத் தடுக்க. வெல்லும் வாய்ப்பை இழந்த ஒருவன் தன் சிறந்த ஆட்டக்காரனை நண்பனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுப் பரிசுப் பணத்தில் பங்கு கேட்பதுண்டு. அதை வெட்டி எறியத்தான் வேண்டும். ஆனால் நடைமுறையில் வீட்டோ எப்போது விழுகிறது? முதலிடத்துக்குத் தன்னோடு மல்லுக்கு நிற்பவன் வலுப்பெறுகிறான் என்றதும் விழுகிறது. பன்னிருவரில் இருவர் பேரம் செய்ய, எஞ்சிய பதின்மரும் போட்டியாளர்கள், அவர்களே நீதிபதிகள். வழக்கில் எதிர்த்தரப்பாரைத் தீர்ப்பெழுதச் சொல்லிவிட்டு அதற்கு நியாயம் என்று பெயரும் சூட்டியாகிறது.

காகித உலகின் இந்நோய் மெய்யுலகிலும் ஒருமுறை கண்டது. நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணியை 2010 டிசம்பரில் என்.பி.ஏ. அமைப்பே வாங்கியிருந்தது. அதாவது அவ்வணிக்கு ஏனைய 29 அணிகளின் முதலாளிகளே முதலாளிகள். அதன் தலையாய வீரர் கிறிஸ் பால் ஒரு பருவத்தில் விலகிப்போகக்கூடும் என்ற நிலை. வெறுங்கையாக இழப்பதைவிட மாற்றிக்கொள்வதே மேல் என்று பொது மேலாளர் டெல் டெம்ப்ஸ் 2011 டிசம்பர் 8 அன்று ஒரு முத்தரப்புப் பேரத்தை முடித்தார். பால் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு. லேக்கர்ஸின் பாவ் கசோல் ஹூஸ்டனுக்கு. நியூ ஆர்லியன்ஸுக்கோ லமார் ஓடம், லூயிஸ் ஸ்கோலா, கெவின் மார்ட்டின், கோரன் டிராகிச் என நால்வரும் புதுமுகத் தேர்வில் ஒரு முதற்சுற்று உரிமையும். போக விரும்பும் ஒருவருக்கு ஈடாக இது பிச்சை அன்று. அன்று மாலையே கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அதனைச் செல்லாதென அறிவித்தார். சொல்லப்பட்ட காரணம்: ‘கூடைப்பந்துக் காரணங்கள்’. இலக்கணம் பயின்ற நமக்கு இத்தொடரில் எழுவாயும் தெரியவில்லை, பயனிலையும் தெரியவில்லை.

தடையை ஆதரிப்போரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. ஸ்டெர்ன் அன்று நடுவராக நின்று வீட்டோ செய்யவில்லை, அணியின் உரிமையாளர் இடத்தில் நின்று ‘விற்கமாட்டேன்’ என்றார் என்பர். அவரும் பின்னாளில் அவ்வாறே வாதிட்டார். விற்க மறுக்க உரிமையாளருக்கு உரிமை இல்லையா? உண்டு. ஆனால் இந்த உரிமையாளர் யார்? லேக்கர்ஸ் வலுப்பெறுவதை விரும்பாத முதலாளிகளும் அந்த 29 பேருள் அடக்கம். ஒரே மனிதர் ஒரே நாளில் விற்பவரின் முகவராகவும் போட்டியாளர்களின் பொதுச்சேவகராகவும் நடுவராகவும் அமர்ந்திருந்தார். எந்தத் தொப்பியோடு பேசினார் என்பதைப் பிறகு தேர்ந்துகொள்வது எளிது.

அன்று கிளீவ்லாந்து அணியின் முதலாளி டான் கில்பர்ட் ஸ்டெர்னுக்கு எழுதிய கடிதம் வெளியானது. அதனால்தான் தடை வந்தது என்று நாம் சொல்லவில்லை, என்.பி.ஏ.யும் அவ்வாறு இல்லை என்றே கூறிற்று. நாம் பார்ப்பது கடிதத்தின் கவலையை. இப்பேரத்தால் லேக்கர்ஸுக்கு ஊதியத்தில் சுமார் 2 கோடி டாலரும் ஆடம்பர வரியில் சுமார் 2.1 கோடி டாலரும் மிச்சமாகும் என்று கணக்கிட்டு, அந்த வரிப்பணம் வரி கட்டாத பிற அணிகளுக்குச் சேரவேண்டியது என்கிறார். ஏழை நியூ ஆர்லியன்ஸின் நலனை விட இவர் மனத்தில் ஓங்கி நிற்பது பணக்கார லேக்கர்ஸின் மிச்சம். 2010இல் லெப்ரான் ஜேம்ஸ் தம்மை விட்டுப் போன புண் ஆறாதவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் கடிதத்தின் சுவை கூடும்.

பெருநகரங்களில் நட்சத்திரங்கள் குவிவதைத் தடுக்கவே தடை என்றார்கள். ஆறே நாளில், டிசம்பர் 14 அன்று, அதே கிறிஸ் பால் கிளிப்பர்ஸுக்குக் கொடுக்கப்பட்டார். கிளிப்பர்ஸ் எந்த ஊர் அணி? லாஸ் ஏஞ்சல்ஸ். எங்கே ஆடினார்கள்? லேக்கர்ஸ் ஆடிய அதே அரங்கில்!

‘அதனால்தானே நியூ ஆர்லியன்ஸ் 2012இல் அந்தோணி டேவிஸைப் பெற்றது’ என்று இன்றும் சிலர் மார்தட்டுகின்றனர். கிளிப்பர்ஸிடமிருந்து வந்த எரிக் கார்டன் முழங்கால் காயத்தால் அப்பருவத்தில் ஆடியது 9 ஆட்டங்கள். அணி 21 வென்று 45 தோற்றது. பிறகு குலுக்கலில் 14 விழுக்காட்டுக்கும் குறைந்த வாய்ப்பில் முதலிடம் விழுந்தது. குலுக்கல் பந்து உருண்டதைக் கொண்டு தீர்ப்பை மெச்சுவது, நிமித்தம் பார்த்து வழக்கை முடிப்பதற்கு ஒப்பு. அதே டேவிஸ் 2019இல் லேக்கர்ஸுக்கே போய் 2020இல் வாகை சூடினார். இதற்கு யாரை மெச்சுவது?

மறுபுறம் நோக்குவோம். 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி, வயது 26 நிரம்பாத லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, முப்பதைக் கடந்த இதே டேவிஸை முதன்மை ஈடாகப் பெற்றது. உலகமே கைகொட்டிச் சிரித்தது. காகிதக் குழுக்களில் இத்தகைய பேரம் ஒருமணி நேரமும் தாங்கியிராது. என்.பி.ஏ. தடுக்கவில்லை, தடுக்காததே சரி. மதிகெட்ட பேரம் என்பது வேறு, சதிப்பேரம் என்பது வேறு. அம்மேலாளர் அவ்வாண்டு நவம்பரில் பதவி இழந்தார். தவறு செய்தவனே விலை கொடுத்தான்.

புதிதாய் ஆடவந்த அப்பாவியைப் பழம்பெருச்சாளிகள் ஏய்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்க்கு: அவன் பேரம் பேசும்போது ஒரு சொல் சொல்லுங்கள். வாய்மூடி இருந்துவிட்டுப் பேரம் முடிந்தபின் மறைவாக மறுப்பு வாக்கிடுவது காப்பாற்றுதல் ஆகாது. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம் வணிகனைப் பற்றிய குறளோடு முடிகிறது; பிறர் பொருளையும் தன் பொருள்போல் மதிப்பதே அங்கு வணிகமாகிறது. பிறன் பேரத்தைத் தன் பதக்கப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே மதிப்பவனுக்கு அங்கு இடமில்லை.

ஆகவே வீட்டோ இருக்கட்டும், சதிக்கு மட்டும். மறுப்பவர் பெயர் எழுதி மறுக்கட்டும். இன்னார் இன்னாரோடு இன்ன இலாபத்துக்குக் கூடினர் என்று ஒரு வரியாவது எழுதட்டும். அந்த வரியை எழுத இயலாதவர் வாக்கைப் பெட்டியிலேயே சேர்க்கவேண்டாம்.