துரைமார் மேசையும் நம் கைகளும்

உல்லாச விடுதிகளிற் பகலுணவு உண்பதே உயர்வென்று கருதும் ஒரு புது மயக்கம் நம்மவரிடையே பரவி வருகின்றது. பிறந்தநாளாயினும், மணநாளாயினும், மகன் பட்டம் பெற்ற நாளாயினும், கேமரன் மலைக்கோ பினாங்குக் கடற்கரைக்கோ சென்று, வெள்ளை விரிப்பிட்ட மேசையில் அமர்ந்து உண்டு, அதனைப் படமெடுத்து ஊரார்க்குக் காட்டினாலன்றி அந்நாள் நிறைவுறாதாம். உண்பது அவரவர் உரிமை; கைப்பொருளும் அவரவருடையது. அதனைக் குறைகூற நாம் வந்தோமில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அங்கென்ன வேலை என்று கேட்பவன் எவனோ, அவனே நமது முதற் பகைவன். நாம் கண்டிக்க எழுந்தது வேறொன்று. அம்மேசையை நெருங்கியதும் நம்மவர் தம் தன்மானத்தைச் செருப்போடு வாயிலிலேயே கழற்றி வைத்துவிடுகின்றனரே, அந்த இழிவையே கண்டிக்கின்றோம்!

அங்கே விற்கப்படுவது யாது? துரைமார் காலத்துப் பகலுணவு என்று உணவுப் பட்டியல் பெருமை பேசுகின்றது. மலாயாவின் தோட்டத் துரைமார் ஞாயிறு நண்பகலில் சோறும் கறியும் வயிறார உண்டு உறங்குவது வழக்கம். அதற்குக் 'கறி டிஃபின்' என்று பெயர். சமைத்தவர் ஹைனானியச் சீனரும் நம்மவருமே. ஐரோப்பியர் சங்கங்கள் பலவற்றில் சமையற்கட்டின் கதவு நமக்குத் திறந்திருந்தது. உண்ணும் கூடத்தின் கதவோ அடைத்தே கிடந்தது. அவ்விருந்தில் முதலில் வரும் 'மல்லிகட்டானி' சூப்பு எது தெரியுமா? மிளகுத்தண்ணீர் என்னும் நம் தமிழ்ச் சொல்லின் சிதைவே அப்பெயர்! நம் வீட்டு மிளகுத்தண்ணீர் துரையின் நாவிற் பெயர் திரிந்து, பீங்கான் கிண்ணத்தில் ஏறி வந்தவுடன், அதனை எந்தக் கரண்டியால் குடிப்பதென்று அறியாமல் நம்மவர் நடுங்குவதென்னே!

சென்ற பள்ளி விடுமுறையில் மலைமீதுள்ள ஒரு விடுதியில் நாம் குடும்பத்தோடு உண்ணச் சென்றிருந்தோம். அடுத்த மேசையில் நகரத்துத் தமிழ்க் கனவான் ஒருவர், மனைவி மக்களுடனும் தாயாருடனும் வீற்றிருந்தார். அம்மூதாட்டி சோற்றில் கைவைத்தார். உடனே மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, கையை எடுங்க! எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார். தாயார் விரல்களைத் துடைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்னர் அவர் உண்ணவேயில்லை. அம்மகனுக்குச் சோறூட்டிய கை அதுவன்றோ? அதே கனவான், பரிமாறிய தமிழ் இளைஞனை விரல் சொடுக்கி அழைத்தார். "ஐயா, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று அவன் அன்போடு கேட்டதற்கு ஆங்கிலத்தில் விடையிறுத்தார்.

நாமும் ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவர்தாம். கத்தியும் முள்ளும் பிடிக்க அறிவோம். ஆங்கிலம் ஒரு கருவி. தாய்க்கு மகனாயிருக்க வெட்கப்படுவதற்கு அது அனுமதிச் சீட்டன்று. சபைக்கேற்ற ஒழுக்கம் வேண்டாமா என்று சிலர் வினவுவர். வேண்டும். இறைச்சித் துண்டுக்குக் கத்தி ஏற்றது. சோற்றுக்குக் கை ஏற்றது. கை கழுவி, சிந்தாது, சிதறாது உண்பதே ஒழுக்கம். பரிமாறுபவனை மனிதனாக மதிப்பதும் ஒழுக்கமே. முன்னதற்கு அஞ்சிப் பின்னதை மறப்பது நாகரிகமாகுமா?

தோழர்களே! 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கோரியது கூலி உயர்வு மட்டுமன்று; துரைமார் முன்னும், கிராணிமார் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமையையும் கோரினர். தலைவர் ஆர். எச். நாதன் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் நீத்தனர். சைக்கிளை விட்டு இறங்கோம் என்று அவர்கள் உயிர் கொடுத்தார்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளோ, எவரும் கேளாமலே தம் தாய்மாரைச் சோற்றுத் தட்டைவிட்டு இறக்குகின்றனர்!

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு நமது தொழில். நால்வருண்ட நமது பில்லில் உணவுக்கு மட்டும் 400 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளியை 26 வேலைநாட்களுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஒரு வேளை உணவு, ஒரு தொழிலாளியின் ஆறு நாளுழைப்பு! உணவின் விலைக்குக் கீழே இரண்டு வரிகள் உள. நூற்றுக்கு ஆறு என்பது சேவை வரி. அஃது அரசாங்கத்துக்குச் செல்வது. நூற்றுக்குப் பத்து என்பது சேவைக் கட்டணம்; அஃது வரியன்று, பணியாளருக்கென்று நம்மிடம் வாங்குவது. அப்பணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை ஈடுகட்ட முதலாளிக்கு உரிமையில்லை என்று, ஓட்டல் தொழிலாளர் சங்கம் நின்று நடத்திய வழக்கில், 2021-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 400 வெள்ளிக்குப் பத்து விழுக்காடு 40 வெள்ளி. அப்பணம் யாருக்குப் போய்ச் சேர்கின்றது என்று கேட்ட தமிழர் எத்தனை பேர்? பில்லைப் பார்த்தால் கௌரவம் குறையுமென்று, படிக்காமலே பணத்தை நீட்டுபவரே மிகுதி.

ஆதலின் நாம் சொல்வது இதுவே. விருப்பமும் வசதியும் உள்ளோர் செல்க, கடன்பட்டுச் செல்லற்க. பெற்றோரை அழைத்துச் செல்வோர், அவர்கள் எவ்வாறு உண்பரோ அவ்வாறே உண்ண விடுக. தமிழறிந்த பணியாளரோடு தமிழிற் பேசுக. எம்மொழியினராயினும் விரல் சொடுக்கற்க. சேவைக் கட்டணம் பணியாளருக்குச் சேர்கின்றதா என்று மேலாளரிடம் வாய்விட்டுக் கேட்க. சுவரில் துரைமாரின் படங்கள் தொங்குமாயின், அவற்றில் இடம்பெறாத கூலிகளின் கதையைப் பிள்ளைகளுக்கு அம்மேசையிலேயே சொல்க. இவற்றுள் ஒன்றுக்கும் காசு செலவில்லை. நெஞ்சுரம் ஒன்றே வேண்டும். அஃதில்லாதவர், எத்துணை உயர்ந்த மலையில் ஏறி உண்டாலும், இன்னும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பவரே!