பால்வாடிக்கு இன்னொரு டீச்சர்

தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரம் காமராஜர் தினசரிச் சந்தையில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். தக்காளி, கத்தரி, வெண்டை என்று வந்திறங்கும் மூட்டைகளில் ஒரு பகுதி கேரளத்துக்கு லாரி ஏறும். சுற்றியுள்ள கிராமங்களின் திண்ணைகளிலோ பீடி வேலை. மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும்; ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தவழ்ந்துவரும் பிள்ளை தூளில் கை வைத்துவிடாமல் முழங்காலால் மறித்துக்கொண்டே அம்மாவின் விரல்கள் இலையைச் சுருட்டும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்ததும் போக ஓரிடம் உண்டு: பால்வாடி. அரசுக் காகிதத்தில் அங்கன்வாடி என்று மாறி எத்தனையோ காலமாகிவிட்டாலும் ஊர் வாயில் அது இன்னும் பால்வாடிதான்.

அங்கே ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. ஆயாம்மா சமைக்கிறார், கூட்டுகிறார், வராத பிள்ளையை வீட்டுக்குப் போய்த் தூக்கி வருகிறார். டீச்சர் எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசி நாளுக்குத் தாய்மார்களை வரச்சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ‘போஷன் டிராக்கர்’ செயலியிலும் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு முக அடையாளப் பதிவும் கட்டாயம். இதற்கு நடுவில் மூன்று வயதுப் பிள்ளைக்கு நிறம் சொல்லித் தருவதும் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்வதும் எப்போது?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்திரோ கானிமியன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் மூவரும் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில், பாடத்துக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். பிள்ளைகள் பாடம் படிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் அவர்கள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள். அதோடு வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளும் குறைந்தார்கள். பாடச் சுமை இறங்கியதால், பழைய டீச்சருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்கக் கை ஒழிந்தது. செலவைப்போல 13 முதல் 21 மடங்கு பயன் பின்னாளில் திரும்பக் கிடைக்கும் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு.

இப்படியொரு சான்று ஒருபுறம் இருக்க, அரசு நடந்த பாதை வேறு. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் அதற்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை இடம்மாற்றிப் போட்டார்கள். 2022 ஜூனில் அவர்களைத் திரும்ப அழைத்தபோது வகுப்புகளே நின்றுவிடும் நிலை. எதிர்ப்பு கிளம்பியதும் வகுப்புகள் தொடரும் என்றார்கள். 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள். பிள்ளைகளின் முதல் வகுப்பறையை இப்படித் தற்காலிகமாக நடத்துவது சரியல்ல. மாநிலத்தில் 54,439 மையங்கள் இருக்க, 2,381 மையங்களுக்கே இந்தப் பாடு.

பணமே இல்லையா? கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டில் சேர்க்கை எல்கேஜியிலேயே தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே தனியார் பள்ளிக்குத் தருகிறது. நான்கு வயதுக் கல்விக்கு அரசு செலவு செய்யும் என்பது ஏற்கெனவே முடிவான கொள்கை. அது பால்வாடி வாசலில் மட்டும் தயங்கி நிற்கிறது.

டெல்லியின் பங்கும் சிறிதல்ல. 2018-ல் டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாய் என்று நிர்ணயித்த மதிப்பூதியத்தை ஒன்றிய அரசு அதன்பின் பல ஆண்டுகள் உயர்த்தவில்லை. மாநிலம் தன் பணத்தைப் போட்டுத்தான் ஈடுகட்டுகிறது. அதே காலத்தில் ஒரு பிள்ளையின் ஒரு நாள் சத்துணவுக்கு வைத்த தொகை 8 ரூபாய். ஒரு முட்டை விலையே அன்று ஐந்து, ஆறு ரூபாய். போதாததற்கு, பள்ளிக்கல்விக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்ததாக 2025-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது.

இந்த மாநிலத்துக்குப் பிள்ளைகளின் தட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், அன்றைய நெல்லை மாவட்டம் உட்பட ஆறு மாவட்டங்களில், பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரத்தில் இல்லை; 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலை உணவும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். ஒரே வளாகத்தில் அண்ணன் பொங்கல் சாப்பிட, பால்வாடித் தங்கைக்கு அந்தத் தட்டு இல்லை.

முதலில் காலியிடங்களை நிரப்ப வேண்டும். 2025-ல் நிரப்புவதாக அறிவித்தவை மட்டுமே 7,783. அதற்கு அடுத்தபடி, மையத்துக்கு ஓர் அரைநேர டீச்சர். எல்லா இடத்திலும் ஒரேயடியாக முடியாதென்றால், தாய்மார்கள் பீடிச் சுளகோடும் சந்தை மூட்டையோடும் நாளைக் கழிக்கும், பாவூர்சத்திரம் இருக்கும் கீழப்பாவூர் ஒன்றியம் போன்ற இடங்களில் தொடங்கலாம். பிளஸ் டூ முடித்துவிட்டு பீடி சுற்றும் பெண்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதே தெருப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள் அவர்கள். முறையான பயிற்சியும் மாதம் தவறாத சம்பளமும் கொடுத்தால் நாளைக்கே வருவார்கள்.