ரைவல்னா எதிரியா?

செமஸ்டர் வினாத்தாளில் 'டெரைவ்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அது பிறந்த இடம் கணக்கு இல்லை, வாய்க்கால். லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் சிற்றோடை. வெட்டிய வாய்க்காலுக்கும் அதே பெயர்தான். ரீவுஸிலிருந்து தண்ணீரைக் கிளை பிரித்து விடுவதுதான் 'டெரிவேஷன்'. ('ரிவர்' இந்தக் குடும்பமே இல்லை. கரை என்று பொருள்படும் 'ரீபா'விலிருந்து வந்தது. நானும் ஏமாந்தவன்தான்.)

ஆனா என்னை யோசிக்க வெச்சது இன்னொரு வார்த்தை: 'ரைவல்'. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள்தான் 'ரீவாலிஸ்'. ஜஸ்டினியன் பேரரசர் 533-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலேயே இந்த விளக்கம் இருக்கு. எதிரி இல்லைங்க, பக்கத்து வயல்காரர். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா மண்வெட்டியைத் தூக்குவார், அது வேற. நம்ம 'பங்காளி' மாதிரியே: பங்கு இருக்கு, அதனாலயே சண்டையும் இருக்கு. தெலுங்கில் 'தாயாதி'. அவங்க பத்திரிகைகள் பாகிஸ்தானை 'தாயாதி தேசம்'னே எழுதும்.

திருத்தணிக்காரங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1-க்கு முன்னாடி நம்ம ஊர் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் கோடு கிழித்தார், நாம இந்தப் பக்கம் வந்தோம். ஆறு மட்டும் பழைய வழியிலேயே ஓடுது. சித்தூர் பக்கமிருந்து இறங்கும் கொசஸ்தலை, பள்ளிப்பட்டு வழியா வந்து பூண்டி ஏரியில் சேருது. மழைக்காலத்தில் மேலே அம்மப்பள்ளி அணையைத் திறந்தா பள்ளிப்பட்டில் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்த ஆற்றில் ஆந்திரா மேலும் 2 நீர்த்தேக்கம் கட்டத் திட்டமிட்டதை எதிர்த்து, 2022 ஆகஸ்ட்டில் நம்ம முதல்வர் கடிதம் எழுதினார்.

உடனே நம்ம வாட்ஸ்அப் குரூப்ல 'துரோகம்'னு ஆரம்பிச்சிடுவோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சித்தூர் விவசாயியும் ஏரி வத்திப்போய் நிக்கறவர்தான். அதுக்காக மேலே இருக்கறவர் இஷ்டத்துக்கு அடைக்கலாம்னும் சொல்லலை. அந்த ரோமானியத் தொகுப்பிலேயே ஒரு ஆணை இருக்கு: வாய்க்காலைச் செப்பனிட்டுத் தூர் வாருபவரை யாரும் பலவந்தமா தடுக்கக் கூடாது; அவரும் போன கோடையில் எடுத்த முறையில்தான் தண்ணி எடுக்கணும். நம்ம குடிமராமத்துக்காரங்க கேட்டா சிரிப்பாங்க, இதுக்கு எதுக்கு லத்தீன்னு!

கிருஷ்ணா தண்ணிக்கு இப்படி ஒரு கணக்கு போட்டாச்சு. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க, ஆவியாகிறது போக 12 டி.எம்.சி. எல்லையில் தரணும்னு 1983-இல் தமிழ்நாடும் ஆந்திராவும் ஒப்பந்தம் போட்டன. 1996-இல் பூண்டிக்குத் தண்ணி வந்தது. முழு 12-ம் வராத வருஷங்கள் நிறைய. இருந்தாலும், எவ்வளவு பாக்கின்னு கேட்க ஒரு எண் கையில இருக்கு. கொசஸ்தலைக்கும் அப்படி ஒரு எண் வேணும்: வறட்சியில எவ்வளவு விடணும், வெள்ளத்துல எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும்னு. அதைக் கணக்குப் போடற வேலை, ரெண்டு பக்கத்துலயும் நம்மள மாதிரி சிவில் படிக்கிறவங்களுடையது.