காட்சிக்கு வைத்த பொருளில் யார் பெயர்?

கைவினைக் கண்காட்சிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. மூங்கில் கூடை, பனையோலைப் பெட்டி, தோல் செருப்பு, பறை என எல்லாமே மேசைக்கு வந்துவிட்டன. ஆனால் பொருளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் அட்டையை நாம் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ‘பாரம்பரியக் கைவினை’ என்று இருக்கிறதா? செய்தவரின் பெயரும் ஊரும் இருக்கின்றனவா? கூலிக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் அந்த அட்டையில்தான் தொடங்குகிறது.

இதற்குப் பீகார் மாநிலம் மதுபனி நல்ல உதாரணம். வீட்டுச் சுவரில் ஓவியம் வரைவது அங்குள்ள பெண்களின் பழைய வழக்கம். 1960-களின் நடுவில் கடும் பஞ்சம் வந்தபோது, அகில இந்தியக் கைவினை வாரியம் அவர்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. படங்கள் விற்றன. முதலில் புகழ் பெற்றவர்கள் பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்கள். ராமன், கிருஷ்ணன், திருமணச் சடங்கு ஆகியவைதான் மதுபனி ஓவியம் என்று வெளியுலகம் எண்ணிக்கொண்டது.

அதே வட்டாரத்தில் துசாத் என்னும் தலித் சமூகப் பெண்களும் இருந்தார்கள். 1970-களில் ஜித்வார்பூர் கிராமத்தின் சானோ தேவி உள்ளிட்டோர் தங்களுக்கென ஒரு வழியைக் கண்டார்கள். உடம்பில் குத்திக்கொள்ளும் பச்சை உருவங்களை வரிசை வரிசையாகக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘கோத்னா’ என்றால் பச்சை குத்துதல். பாணிக்கும் அதுவே பெயரானது. தங்கள் மக்கள் வணங்கும் வீரன் ராஜா சல்ஹேஷின் கதையை வரைந்தார்கள். 2024-ல் அந்தச் சமூகத்தின் சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதிக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மற்றவர்களின் படத்தை நகலெடுத்து விற்றிருந்தால் அவர்கள் கூலிக்கு வரைபவர்களாகவே இருந்திருப்பார்கள். தங்கள் கதையைத் தங்கள் பெயரில் வைத்ததால் ஓவியர்கள் ஆனார்கள்.

நம் பக்கம் பறையைப் பார்ப்போம். இழவு வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட கருவி இன்று கல்லூரி மேடையில் ஒலிக்கிறது. 2018 இறுதியில் சென்னையில் தொடங்கிய ‘வானம்’ கலைத் திருவிழா போன்ற மேடைகள் அதற்குத் துணை நின்றன. மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமைதான். ஆனால் பறையைச் செய்பவர் எங்கே? தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, பதமாகக் காயவைக்கும் கை யாருடையது? அந்தத் தோல் வேலையைக் காரணம் காட்டித்தான் அவரை ஊர் ஒதுக்கிவைத்தது. பறையை ஆசையாகத் தொட்டுப் பார்க்கும் நாம், அதைச் செய்தவரைத் தொட மறுத்த வரலாற்றையும் அட்டையில் எழுத வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கலை, பாரம்பரியம் என்று பாராட்டிக்கொண்டே அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டிவிடுவார்கள். 1953-ல் ராஜாஜி அரசு பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று கொண்டுவந்ததைக் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்து, மறு ஆண்டே கைவிடச் செய்த மண் இது. 2023-ல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு. ‘குடும்ப அடிப்படையிலான பாரம்பரியத் தொழில்’ என்பது அதன் வரையறை. குறைந்தபட்ச வயது 18. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கி, வயதை 35 ஆக்கும்படி தமிழக அரசு 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. பிறகு 2025-ல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே தொடங்கியது.

18 வயது என்பது கல்லூரிக்குப் போகும் வயது. அந்த வயதில் கடனும் கருவியும் கொடுத்து வீட்டுத் தொழிலில் உட்காரவைப்பதை நாம் ஏற்க முடியாது. அதே சமயம், கூடை முடைந்தே பிழைக்கும் 50 வயதுக்காரருக்குக் கடன் வேண்டும், சந்தையும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். கூடை முடைபவரின் மகள் மருத்துவராகலாம். மருத்துவரின் மகனும் கூடை முடையக் கற்கலாம். அப்போதுதான் அது கலை.

அதனால் நாம் கேட்பது, ஊருக்கு ஒரு சமூகக் கலைக்கூடம். புதுக் கட்டடம் வேண்டாம். சமுதாயக் கூடமோ நூலகத்தின் ஓர் அறையோ போதும். அட்டையில் செய்தவரின் பெயர் இருக்க வேண்டும். விலையை அவரே சொல்ல வேண்டும். பொருளின் கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். அந்த அறைக்குள் எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமின்றி நுழைய வேண்டும். நிர்வாகக் குழுவில் கலைஞர்களே இருக்க வேண்டும், சாவியும் அவர்களிடம் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் கூடை முடைபவர், செருப்புத் தைப்பவர், பறை கட்டுபவர் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடம் கற்றார், எத்தனை நாள் வேலை, கையில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கலைக்கூடத்தின் முதல் அட்டைகளை அந்த நோட்டிலிருந்தே எழுதலாம்.