எஞ்சினை நிறுத்தும் மூன்று நிமிடத்துக்கு யார் பணம் தருவது?

இயந்திரத்தில் கை சிக்கிய கூலித் தொழிலாளியைப் பற்றிய செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும். ஊர், வயது, சேர்க்கப்பட்ட மருத்துவமனை, கடைசி வரியில் "கவனக்குறைவே காரணம்". அதோடு செய்தியும் முடிந்துவிடும், அதைப் பற்றிய பேச்சும் முடிந்துவிடும்.

உண்மையில் அது கவனக்குறைவுதானா? தினமும் அதே இயந்திரத்தோடு பழகுகிற ஆளுக்கு அது கையைப் பிடிக்கும் என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒருவர் கையை உள்ளே விடுகிறார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருக்கிறது. டிராக்டரில் மாட்டி ஓட்டும் வைக்கோல் கட்டு தூளாக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு தெளிவாகப் புரியும்.

கட்டுவதும் பிரிப்பதும்

கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் வைக்கோலைப் போராகப் போட்டு வைத்தார்கள். மாட்டுக்கு வேண்டும்போது போரிலிருந்து பிடுங்கிப் போட்டால் போதும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டிச் சுருட்டிக் கட்ட பேலர் வந்தது. காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்த வயல்களில் உருளை உருளையாகக் கட்டுகள் கிடப்பதைப் பேருந்தில் போகிறவர்கூடப் பார்க்கலாம்.

இறுக்கிக் கட்டியதை மறுபடியும் பிரிக்க வேண்டுமே! நாலைந்து மாடு வைத்திருப்பவர் அரிவாளால் கயிற்றை அறுத்து, கையால் உதறிப் போட்டுவிடுவார். பெரிய பண்ணைக்கு அது கட்டுப்படியாகாது. கட்டை அப்படியே போட்டால் சில நிமிடத்தில் துண்டு துண்டாக்கித் தள்ளும் இயந்திரம் அங்கேதான் தேவைப்படுகிறது. டிராக்டரின் பின்பக்கம் இருக்கும் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஒரு ஷாஃப்ட் வழியாக இதற்குச் சக்தி வருகிறது. உள்ளே ஒரு உருளை, அதில் வரிசையாகக் கத்திகள். பார்க்க எளிமையான இயந்திரம்தான். ஆனால் ஆபத்து மூன்று இடங்களில் காத்திருக்கிறது.

முதலாவது, ஷாஃப்ட். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. ஷாஃப்டின் குறுக்களவு 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். ஒன்பதால் பெருக்கினால் ஒரு விநாடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டும். தோளில் கிடக்கும் துண்டின் நுனி பட்டால், "ஐயோ" என்று கத்துவதற்குள் முழுத் துண்டும் உள்ளே போயிருக்கும். வேட்டி, லுங்கி, சேலை முந்தானை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, கயிறு. கட்டைச் சுற்றியிருக்கும் கயிற்றை முழுவதும் எடுக்காமல் உள்ளே போட்டால் அது உருளையில் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் உருளையே திணறும். அப்போதுதான் கையில் அரிவாளோடு ஒருவர் குனிகிறார். பச்சை வைக்கோலோ நனைந்த கட்டோ அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். சிலர் காலால் மிதித்துத் தள்ளுவார்கள். உருளை ஒரே நொடியில் விடுபட்டால் கால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, பலருக்கும் தோன்றாத ஒன்று. பி.டி.ஓ.வைத் துண்டித்தாலும் உருளை உடனே நிற்காது. கனமான இரும்பு, சுற்றிய வேகத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். சத்தம் குறைந்துவிட்டது என்று கையை விடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எமன்.

மூன்று நிமிடம்

இதற்கெல்லாம் மருந்து என்ன? புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. பிரிட்டனில் விவசாயிகளுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் நாலே வரி. கை பிரேக்கைப் போடு. கியரையும் பி.டி.ஓ.வையும் நியூட்ரலுக்குக் கொண்டுவா. எஞ்சினை நிறுத்து. சாவியை எடுத்துக்கொள். அதற்குப் பிறகும் உருளை முழுவதும் நிற்கிறவரை பொறுத்திருக்க வேண்டும். தூக்கி நிற்கும் பாகம் எதுவானாலும் தரையில் இறக்கிய பிறகுதான் அதன் அடியில் போக வேண்டும்.

சாவியை எடுப்பது ஏன் என்று கேட்கலாம். உள்ளே ஒருவர் குனிந்திருப்பது தெரியாமல் இன்னொருவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது என்பதற்காக. சாவி சட்டைப் பையில் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

இந்த நாலு வரியையும் ஒரு ஓட்டுநருக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பிறகு ஏன் யாரும் செய்வதில்லை? இங்கேதான் பணம் வருகிறது.

இந்த மாதிரி இயந்திரங்கள் பெரும்பாலும் மணிக்கணக்கு வாடகையில் ஓடுகின்றன. கணக்குக்காக ஒரு மணிக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை முறைப்படி நிறுத்தி, கயிற்றை அறுத்து, திரும்ப ஓட்ட மூன்று நிமிடம். அதன் மதிப்பு 50 ரூபாய். ஒரு நாளில் பத்து முறை அடைத்தால் 500 ரூபாய். அந்த 500 ரூபாயை யார் தருவது? வாடகைக்கு எடுத்தவர் பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். "வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கிறதுக்கா நான் காசு குடுக்கறேன்?" என்று கேட்பார். அவர் கேட்பதிலும் தப்பில்லை. பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற விவசாயி அவர்.

சரி, மணிக்கணக்கு வேண்டாம், கட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால்? அப்போது நிறுத்துகிற நேரமெல்லாம் வண்டிக்காரர் தலையில் விழும். அவர் ஓட்டுநரை விரட்டுவார். ஓட்டுநருக்கோ அன்றைய பேட்டா போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆக எந்த முறையில் பேசினாலும் எஞ்சினை நிறுத்துகிறவர் நஷ்டப்படுகிறார், நிறுத்தாதவர் கெட்டிக்காரர் ஆகிறார். ஓடுகிற இயந்திரத்திலேயே கையை விட்டுக் கயிற்றை இழுத்தெடுக்கும் ஆளை "வேலைக்காரன்னா இவன்தான்" என்று பாராட்டுகிறார்கள். அதே ஆளுக்குக் கை போனால் கவனக்குறைவு!

ஒரு பண்ணையின் வரவு செலவு நோட்டை எடுத்துப் பார்த்தால் டீசலுக்கு ஒரு வரி இருக்கும், பேட்டாவுக்கு ஒரு வரி, தேய்மானத்துக்கு ஒரு வரி இருக்கும். நிறுத்திய நேரத்துக்கு வரியே இருக்காது. நோட்டில் வராத செலவு இல்லாத செலவு என்று ஆகிவிடாது. அதை வேறு யாரோ ஒருவர் தன் உடம்பால் கட்டுகிறார், அவ்வளவுதான்.

இரும்புக்கு உள்ள பாதுகாப்பு

இந்த இயந்திரங்கள் பலவற்றில் ஷியர் போல்ட் என்று ஒன்று உண்டு. உள்ளே கல்லோ இரும்புத் துண்டோ மாட்டி உருளை நின்றுபோனால், சில ரூபாய் பெறுமான இந்த போல்ட் உடைந்துவிடும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள கியர் பாக்ஸ் தப்பிக்கும். விலை குறைந்தது உடைந்து விலை உயர்ந்ததைக் காப்பாற்றுகிறது. நல்ல ஏற்பாடு. அடிக்கடி உடைகிறதே என்று அதற்குப் பதிலாகக் கெட்டியான போல்ட் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மெக்கானிக்கிடம் கியர் பாக்ஸின் விலையைக் கேட்ட பிறகுதான் புத்தி வரும்.

கியர் பாக்ஸுக்கு இருக்கிற இந்த ஏற்பாடு மனிதனுக்கும் இருக்கிறது. ஷாஃப்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறைதான் அது. ஷாஃப்ட் சுற்றினாலும் உறை சுற்றாமல் இருக்க இரண்டு முனையிலும் சிறிய சங்கிலி இருக்கும். கிராஸுக்கு கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று ஒரு நாள் உறையைக் கழற்றுவார்கள். பிறகு அது ஷெட்டின் மூலையில் கிடக்கும். வெயிலில் வெடித்த உறைக்குப் பதில் புதிது வாங்குகிறவர்களும் குறைவு. உறை இல்லாவிட்டாலும் இயந்திரம் ஓடுகிறதே! ஷியர் போல்ட் இல்லாமல் ஓடாது. அதனால் போல்டுக்கு உடனே கடைக்கு ஆள் போகும், உறைக்குப் போகாது.

பராமரிப்பிலும் இதே கதை. அன்றாட வேலை முடிந்ததும் உருளையில் சுற்றிய கயிற்றை வெட்டி எடுக்க வேண்டும். போல்ட் நட்டுகளை முறுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கத்தி உடைந்தால் எதிர்ப்பக்கக் கத்தியையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடை ஒரு பக்கம் இழுத்து இயந்திரமே அதிரும். பேரிங் மீதும் சைலன்ஸர் பக்கத்திலும் படியும் வைக்கோல் தூசியைத் துடைக்க வேண்டும், சூடேறினால் அதுவே தீக்குச்சி. அரை மணி நேர வேலை. வாடகை ஓடாத நேரத்தில் செய்யும் வேலை என்பதால் இதற்கும் கூலி கிடையாது. கூலி இல்லாத வேலை நாளைக்குத் தள்ளிப்போவதில் என்ன ஆச்சரியம்?

1983 சொன்ன பாடம்

வடக்கே கோதுமை விளைச்சல் பெருகியபோது கதிரடிக்கும் இயந்திரங்களும் பெருகின. கதிரைக் கையால் உள்ளே தள்ளும்போது கையும் சேர்ந்து போனது. ஒவ்வொரு அறுவடைக்கும் கை இழந்தவர்கள் இருந்தார்கள். "ஜாக்கிரதையாக வேலை செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கதிரடிக்கும் இயந்திரத்தை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. மற்ற விவசாய இயந்திரங்களை மத்திய அரசு அறிவிக்கை மூலம் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் வழி வைத்தது. தயாரிப்பவர் மீதும் பொறுப்பைப் போட்டது.

இந்தியத் தர நிர்ணயமோ கதிர் தள்ளும் வாய் குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும் என்றது. காரணம் எளிது. மூடிய பகுதி அவ்வளவு நீளமாக இருந்தால் கை கத்தி வரைக்கும் எட்டாது. தூக்கக் கலக்கத்தில் தள்ளினாலும் எட்டாது. கவனத்தை நம்பாமல் தகரத்தை நம்பிய யோசனை அது. வைக்கோல் கட்டு இயந்திரத்துக்கும் வேண்டியது இதே மாதிரி யோசனைதான்.

கை போன பிறகு கிடைப்பது என்ன? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஒரு கையின் நாலு விரல் போனால் 50. கையே போனால் 60. டிராக்டர் போன்ற இயந்திரங்களைக் கொண்டு விவசாய வேலை செய்பவர்களும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் டிராக்டர் ஒருவருடையது, இயந்திரம் இன்னொருவருடையது, நிலம் மூன்றாமவருடையது. முதலாளி யார் என்பதே வழக்காகிவிடும் இடத்தில் 60 சதவீதம் எத்தனை பேர் கைக்கு வரும்? அந்தக் கை இருந்தால்தானே வாங்க!

என்ன செய்யலாம்?

வாடகை பேசும்போதே நிறுத்தும் நேரத்தையும் சேர்த்துப் பேசலாம். மணிக்கு ஆயிரம் என்பதை ஆயிரத்து நூறு என்று ஆக்கி, "அடைத்தால் எஞ்சினை நிறுத்தித்தான் எடுப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டிலிருந்து கயிற்றை முழுவதும் உருவிவிட்டுப் போடுவதற்குத் தனியாக ஒரு ஆளை வைத்தால் அடைப்பதே குறையும். அந்த ஆளின் கூலியில் ஒரு பகுதி மிச்சமாகும் டீசலிலேயே வந்துவிடும்.

விவசாய இயந்திரங்களுக்கு அரசு மானியம் தருகிறது. மானியத்தில் வாங்கிய இயந்திரத்தை ஒரு வருடம் கழித்துப் பார்த்து, ஷாஃப்டின் உறை அதன் இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்கலாம். இயந்திரம் விற்பவர் ஒரு மாற்று உறையையும் சேர்த்தே விற்கலாம். வாடகைக்கு விடும் சங்கங்கள் உறை இல்லாத ஷாஃப்டை ஷெட்டை விட்டு வெளியே அனுப்பாமல் இருக்கலாம். இதில் எதற்கும் பெரிய தொகை தேவையில்லை.

காசு கொடுத்தாலும் சிலர் நிறுத்த மாட்டார்கள், அது பழக்கம், வீரம் என்று ஒரு எதிர்வாதம் வரும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிறுத்துகிறவருக்கு நஷ்டம் என்று இருக்கிறவரை எந்தப் பயிற்சி வகுப்பும் பலிக்காது. முதலில் நஷ்டத்தை நீக்க வேண்டும். பிறகு அறிவுரை சொன்னால் காதில் ஏறும்.

அடுத்த முறை வண்டி நின்றதும் கடிகாரத்தைப் பார்க்கும் பண்ணைக்காரர், ஓட்டுநர் சாவியைச் சட்டைப் பையில் போடுகிறாரா என்றும் பார்த்தால் போதும். போட்டால் அந்த மூன்று நிமிடத்துக்கான 50 ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுக்கலாம். அந்தப் பண்ணை அன்றைக்குச் செய்த செலவுகளிலேயே மிகவும் மலிவானது அதுதான்.