ஜெபமா, கவுன்சிலிங்கா? கேள்வியே தவறு!

“நல்லா ஜெபம் பண்ணுங்க பிரதர், எல்லாம் சரியாகிடும்.”

மூன்று வாரமாகத் தூக்கமில்லை, காலையில் எழுந்து வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று சொல்லும் ஓர் இளைஞருக்குச் சபையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். அதே இளைஞர் தயங்கித் தயங்கி ஒரு கவுன்சிலரிடம் போனால், “இந்தக் குற்ற உணர்ச்சிக்கெல்லாம் உங்க மதம்தான் காரணம், கொஞ்ச நாள் சர்ச் பக்கம் போகாதீங்க” என்று கேட்க நேரிடலாம். ஒரு பக்கம் ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்கிறது. இன்னொரு பக்கம் ‘உன் விசுவாசமே பிரச்சினை’ என்கிறது. நடுவில் அவர் இரண்டு இடத்துக்கும் போவதை நிறுத்திவிடுகிறார். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உளவியலும் கிறிஸ்தவ ஆன்மிகமும் எதிரெதிர் முகாம்கள் என்பது நம் காலத்தில் வளர்ந்த ஒரு தவறான எண்ணம். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த முடியும். ஆனால், எதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எலியாவுக்குக் கிடைத்த ‘சிகிச்சை’

பைபிளில் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை மனநல ஆலோசகரின் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், முழுமையான ‘பர்ன் அவுட்’.

அவருக்கு என்ன கிடைத்தது? பிரசங்கம் அல்ல, கண்டிப்பும் அல்ல. முதலில் தூக்கம். பிறகு சூடான அப்பமும் தண்ணீரும். மறுபடி தூக்கம். மறுபடி சாப்பாடு. அதன் பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சிலும் முதலில் வருவது ஒரு கேள்வி: இங்கே உனக்கு என்ன வேலை? எலியா மனதில் இருந்ததைக் கொட்டுகிறார். ‘நான் ஒருவன் மட்டும்தான் மிச்சம்’ என்கிறார். இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று அவருக்குப் பதில் வருகிறது. கடைசியில் செய்ய வேலையும், கூட நடக்க எலிசா என்ற துணையும் கிடைக்கின்றன.

உடம்பைக் கவனிப்பது, பேச விடுவது, தவறான எண்ணத்தை உண்மையோடு ஒப்பிட்டுக் காட்டுவது, துணை சேர்ப்பது. இன்று ஒரு நல்ல மனநல ஆலோசகர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். ‘ஜெபம் பண்ணு’ என்பதை மட்டும் முதலும் கடைசியுமாகச் சொல்பவர்கள், தங்கள் வேதத்தையே பாதிதான் வாசித்திருக்கிறார்கள்.

படுக்கையில் கிடந்த போர்வீரர்

1521-ல் பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்த படுக்கையானார் இக்னேஷியஸ் லொயோலா. பொழுதுபோகாமல் இரண்டு வகைக் கனவுகளில் மூழ்கினார். ஒன்று, போர்வீரனாகப் பேர் வாங்கும் கனவு. இன்னொன்று, புனிதர்களைப் போல வாழும் கனவு. முதலாவது, நினைக்கும்போது இனித்தது. முடிந்ததும் மனதை வறண்டுபோகச் செய்தது. இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. தன் எண்ணங்களைத் தானே கவனிக்கும் இந்தப் பழக்கத்திலிருந்துதான், 1548-ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ பிறந்தன. அதில் உள்ள தினசரி ஆன்ம சோதனை எளிமையானது: நன்றி சொல்வது, தெளிவு கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, தவறுக்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது.

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வில் இருப்பவர்களின் தலைக்குள் தானாக ஓடும் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ போன்ற எண்ணங்களை எழுதிவைத்து, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று சோதிக்கச் சொன்னார். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் சிபிடி சிகிச்சை இப்படித்தான் உருவானது.

இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. பெக் கேட்பது, ‘இந்த எண்ணம் உண்மையா?’ இக்னேஷியஸ் கேட்பது, ‘இந்த எண்ணம் என்னை எங்கே கூட்டிக்கொண்டு போகிறது?’ இரண்டு கேள்வியும் தேவை. மேனேஜரின் ஒரு மெயிலைப் பார்த்து ‘என் வேலை போச்சு’ என்று மனம் அலறும்போது முதல் கேள்வி காப்பாற்றும். சம்பளம் கூடியும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று யோசிக்கும்போது இரண்டாவது கேள்வி வழிகாட்டும்.

ஜெபமே சுமையாகும்போது

இதே இக்னேஷியஸின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. 1522-ல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைச் சரியாக அறிக்கை செய்தோமா என்ற சந்தேகம் அவரை விடாமல் துரத்தியது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் நிம்மதி இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. கடைசியில், பழைய பாவங்களை மறுபடி அறிக்கை செய்வதையே நிறுத்துவது என்று முடிவெடுத்த பிறகுதான் விடுதலை கிடைத்தது.

இன்றைய மருத்துவம் இதை மதம் சார்ந்த ஓசிடி என்று அடையாளம் காணும். இதில் பாதிக்கப்பட்டவரிடம் ‘இன்னும் அதிகமா ஜெபம் பண்ணுங்க’ என்று சொல்வது, கை கழுவிக்கொண்டே இருப்பவரிடம் இன்னொரு சோப்பு கொடுப்பது போல. இங்கே சிகிச்சை, நிம்மதிக்காகத் திரும்பத் திரும்பச் செய்வதைப் படிப்படியாக நிறுத்தப் பழகுவது. ஒரு போதகரோ குருவோ ‘ஒருமுறை போதும்’ என்று சொல்லி அந்தச் சிகிச்சைக்குத் துணை நின்றால், பாதி பாரம் குறையும்.

விசுவாசம் எப்போதும் மனதுக்கு நல்லதா? உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேள்வி இது. ‘கடவுள் என்னோடு இருக்கிறார்’ என்று நம்பித் துன்பத்தைத் தாங்குவது ஒரு வகை. ‘கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்’ என்று உள்ளுக்குள் போராடுவது இன்னொரு வகை. நோயுற்ற சுமார் 600 முதியவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவது வகைப் போராட்டத்தில் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ஆகவே, நோயாளியிடம் ‘இது உன் பாவத்தின் பலன்’ என்று சொல்பவர் ஆறுதல் சொல்லவில்லை, நோயைக் கூட்டுகிறார்.

மன்னிப்பு என்றால் திரும்பிப் போவதல்ல

எவரெட் வொர்திங்டன் அமெரிக்க உளவியலாளர், கிறிஸ்தவர். மன்னிப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த அவருடைய தாய், 1996 புத்தாண்டை ஒட்டி, வீட்டுக்குள் புகுந்த ஒருவரால் கொல்லப்பட்டார். ஆராய்ச்சித் தலைப்பே சொந்தக் காயமானது. கொலையாளியை மன்னிக்க அவரால் முடிந்தது. ஆனால், தாயின் உடலை முதலில் கண்ட அவருடைய தம்பி, பின்னாட்களில் தற்கொலை செய்துகொண்டார். அதைத் தடுக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியிலிருந்து தன்னைத்தானே மன்னிப்பது பற்றியும் அவர் பிறகு எழுதினார்.

அவருடைய முக்கியமான பங்களிப்பு ஒரு வேறுபாடு: மன்னிப்பு வேறு, சமரசம் வேறு. மன்னிப்பு ஒருவர் மனதுக்குள் நடப்பது. சமரசத்துக்கு இரண்டு பேர் வேண்டும், நம்பிக்கை மீண்டும் கட்டப்பட வேண்டும்.

நம் ஊரில் இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனை பெண்கள் அடி வாங்குகிறார்கள்! “மன்னிச்சுடு சிஸ்டர், ஆண்டவர் உன் வீட்டுக்காரரை மாத்துவார்” என்று சொல்லி, அடிக்கும் கணவரிடமே திருப்பி அனுப்புவது ஆன்மிகம் அல்ல. மன்னிக்கச் சொல்வதற்கு முன், அவர் இன்று இரவு பாதுகாப்பாகத் தூங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

போப்பாண்டவரே போனார்

மனநல உதவி தேடுவது விசுவாசக் குறைவு என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். தனக்கு 42 வயதாக இருந்தபோது, சில விஷயங்களில் தெளிவு பெற, ஆறு மாதங்கள் வாரம் ஒருமுறை ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் சென்றதாக மறைந்த போப் பிரான்சிஸ் 2017-ல் வெளியான ஒரு நேர்காணல் நூலில் சொன்னார். அந்த உளப்பகுப்பாய்வாளர் ஒரு யூதப் பெண். குருவுக்கே வெட்கம் இல்லாதபோது நமக்கு ஏன்?

கிறிஸ்தவர்கள் தொடங்கிய வேலூர் சிஎம்சி பல பத்தாண்டுகளாக மனநல மையம் நடத்துகிறது. ஜெபத்தையும் மருந்தையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல.

என்ன செய்யலாம்?

உதவி தேடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ‘கிறிஸ்தவ கவுன்சிலர்’ என்ற பலகை மட்டும் தகுதி ஆகாது. என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு, நீங்கள் சொன்னது அடுத்த ஞாயிறு ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் வந்தால், அந்த இடம் பாதுகாப்பானது அல்ல. மனநலச் சிகிச்சையில் ரகசியம் காக்கப்படுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தருகிறது. மூன்று, மருந்தை நிறுத்தச் சொல்லும் போதகரிடமும், விசுவாசத்தைக் கேலி செய்யும் ஆலோசகரிடமும் திரும்பப் போகாதீர்கள்.

சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கீத புத்தகத்தில் புலம்பல்கள் நிறைய இருக்கின்றன. 88-ம் சங்கீதம் நம்பிக்கை வார்த்தை ஒன்றும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை வேதத்தில் வைத்துக்கொள்ள அந்தக் கால மக்களுக்குத் துணிச்சல் இருந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் ‘நான் இன்னும் சரியாகவில்லை’ என்று ஒருவர் சொல்ல நம் சபைகளில் இடம் இருக்கிறதா?

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. போன் செய்த பிறகு ஜெபம் பண்ணுங்கள். ஜெபம் பண்ணிவிட்டும் போன் செய்யுங்கள். ஆனால், போன் செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.